திருப்பதி பக்கம் மனை வாங்கப் போறீங்களா? விலையைக் கேட்பதற்கு முன் 'எந்தப் பட்டா?' என்று கேளுங்கள்

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிரசுரம் அனுப்பினார. பச்சைப் புல்வெளி, பின்னால் ஏழுமலை, நடுவில் ஒரு வளைவு வாசல். 'ஏர்போர்ட்டிலிருந்து 25 நிமிடம், தவணை வசதி உண்டு.' கீழே அவருடைய கேள்வி: "விலை ஏறுமா? நீதான் டேட்டா பார்க்கிற ஆளாச்சே."

நான் பதிலுக்கு சர்வே நம்பர் கேட்டேன். "பட்டா இருக்கு மச்சான், கிளியர் டைட்டில்னு சொல்றாங்க" என்றார். மறுபடியும் சர்வே நம்பர் கேட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. ஆந்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் தடை செய்யப்பட்ட சொத்துகளைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. மாவட்டம், மண்டலம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் போதும். நண்பர் அனுப்பிய மூன்று எண்களில் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது. தேட எனக்கு நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

முதன்முதலாக மனை வாங்குகிற பலர் இந்த நான்கு நிமிடத்தைச் செலவழிப்பதில்லை. திருப்பதி, சித்தூர் பக்கம் வாங்குபவர்களுக்கு அது ஏன் முக்கியம் என்பதைப் பார்ப்போம். வாடகைக் கணக்கு அதற்குப் பிறகு.

ஏன் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள்?

காரணங்கள் நிஜமானவை. சத்தியவேடு–தடா பக்கம் ஸ்ரீசிட்டி தொழில் நகரம், ரேணிகுண்டாவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள், 2015-ல் தொடங்கிய ஐ.ஐ.டி., ஐசர். சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை சித்தூர் மாவட்டத்தைக் குறுக்கே கடக்கிறது. சித்தூரையும் தச்சூரையும் இணைக்கும் ஆறுவழிச் சாலை நகரி பக்கமாக வருகிறது. சென்னையிலிருந்து திருப்பதி சுமார் 135 கிலோமீட்டர்தான்.

பதிவுச் செலவும் ஒரு ஈர்ப்பு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. ஆந்திராவில் முத்திரைத்தாள் 5, மாற்றுத் தீர்வை 1.5, பதிவு 1, ஆக 7.5 சதவீதம். புரோக்கர்கள் இதை மறக்காமல் சொல்வார்கள். ஆனால் 2025 பிப்ரவரி 1 முதல் ஆந்திராவில் பல இடங்களில் அரசு வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இவற்றோடு மனசு சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. நமக்கு அது வெளியூர் மாதிரியே தெரியாது. 1911-ல் தனி மாவட்டமாகும் வரை, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. நகரியிலும் புத்தூரிலும் குப்பத்திலும் டீக்கடையில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் நிலப் பதிவேடு தெலுங்கில் இருக்கிறது, சட்டம் ஆந்திரச் சட்டம். பேச்சு புரிவதால் பத்திரமும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

'பட்டா இருக்கு' என்றால் என்ன அர்த்தம்?

தமிழ்நாட்டில் 'பட்டா இருக்கா?' என்ற கேள்விக்கு 'இருக்கு' என்று பதில் வந்தால் பாதிக் கவலை போய்விடும். அந்தப் பழக்கத்தை எல்லையைத் தாண்டி எடுத்துப் போனால் மாட்டிக்கொள்வோம்.

ஆந்திராவில் 'டி.கே.டி. பட்டா', 'டி ஃபார்ம் பட்டா' என்று சொல்வார்கள். நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம் அது. அதை அனுபவிக்கலாம், வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. 1977-ம் ஆண்டின் ஒப்படை நிலங்கள் மாற்றத் தடைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மீறி விற்றால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை எடுத்து, பழைய பயனாளியிடமே திருப்பிக் கொடுக்கலாம் அல்லது தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

ஆக, 'பட்டா இருக்கு' என்று புரோக்கர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டா இருக்கும். எந்தப் பட்டா என்பதுதான் விஷயம்.

இப்படிப்பட்ட நிலங்களைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சொல்வது பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு. ஆந்திரா தனக்காகச் சேர்த்துக்கொண்ட பிரிவு இது. இப்போதைய வடிவம் 2007-ல் வந்தது. ஒப்படை நிலங்கள், அரசு நிலங்கள், கோயில், மடம், வக்ஃபு சொத்துகள், உச்சவரம்புச் சட்டத்தில் உபரியாக அறிவிக்கப்பட்டவை, அரசுக்கு வேறு வகையில் அக்கறை உள்ளவை என்று ஐந்து வகை. இந்தப் பட்டியலில் ஒரு சர்வே எண் ஏறிவிட்டால் பதிவாளர் பத்திரத்தைத் தொட மாட்டார்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. தனியார் நிலம் தவறாகப் பட்டியலில் ஏறிவிட்டதாக வழக்குகள் குவிந்தன. அப்போதைய ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015 டிசம்பரில், பட்டியலை எப்படித் தயாரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிட வேண்டும் என்று விதிமுறைகள் வகுக்க வேண்டியதாயிற்று. இன்று பட்டியலில் இல்லாத நிலம் நாளைக்கு ஏறலாம், இன்று இருப்பது நீங்கலாம். அதனால் "சும்மா டெக்னிக்கல் பிரச்சினை சார், ரெண்டு மாசத்துல எடுத்துடுவாங்க" என்று சொன்னால், "எடுத்த பிறகு வரேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொரு வகை 'சுக்கல பூமி'. சுக்க என்றால் தெலுங்கில் புள்ளி. பிரிட்டிஷ் காலத்து மறு தீர்வைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் வைத்திருக்கும். யாருடையது என்று அன்றைக்கு முடிவாகவில்லை, அவ்வளவுதான். நூறு வருடம் கழித்து அந்தப் புள்ளி ஒரு ஐ.டி. ஊழியரின் சேமிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. இதைத் தீர்க்க 2017-ல் ஆந்திரா தனிச் சட்டமே போட்டது. உங்கள் வக்கீல் பழைய தீர்வைப் பதிவேட்டின் நகலைப் பார்த்தாரா என்று கேளுங்கள். 'அடங்கல் பார்த்தேன், ஒன்-பி பார்த்தேன்' என்பது போதாது. அவை இன்றைய நிலையைச் சொல்பவை. வேர் பழைய பதிவேட்டில் இருக்கிறது.

திருப்பதி நகரத்துக்குள் இன்னொரு அடுக்கு

1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி திருமலைக் கோயில் நிர்வாகத்தை ஹாத்திராம்ஜி மடத்திடம் ஒப்படைத்தது. 1933-ல் தேவஸ்தானக் குழுவிடம் வரும் வரை, 90 ஆண்டுகள் அந்த மடத்தின் மகந்துகளே நிர்வகித்தார்கள். கோயிலுக்கும் மடங்களுக்கும் மானியமாக வந்த நிலங்கள் நகரத்தைச் சுற்றிப் பரவிக் கிடந்தன. பிறகு நகரம் அவற்றின் மேலேயே வளர்ந்தது. மடத்து நிலங்களின் ஆக்கிரமிப்பு இன்றும் திருப்பதியில் ஓயாத வழக்கு.

அறநிலையச் சொத்தைத் துறையின் அனுமதியின்றி விற்றால் அது செல்லாது என்கிறது ஆந்திராவின் 1987-ம் ஆண்டுச் சட்டம். அதனால் திருப்பதியில் ஒரு வீட்டுக்கு மின் இணைப்பு, சொத்து வரி ரசீது, குடிநீர் இணைப்பு எல்லாம் இருக்கும், 20 வருடமாக ஆள் குடியிருப்பார்கள், ஆனாலும் அடிநிலம் விற்க முடியாததாக இருக்கலாம். சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. இந்த ஒரு வரியைத் திருப்பதியில் சற்றுச் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்சி மாறினால் சட்டமும் மாறுகிறது

சில தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 2023-ல் அப்போதைய அரசு ஒப்படை நிலச் சட்டத்தைத் திருத்தியது. ஒப்படைத்து 20 ஆண்டுகள் ஆன நிலத்தைப் பயனாளிகள் விற்கலாம் என்றானது. அதே ஆண்டு நில உரிமைச் சட்டமும் அமலுக்கு வந்தது. 2024 தேர்தலில் அது பெரிய பிரச்சினையானது. ஜூனில் முதல்வரான சந்திரபாபு நாயுடு போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அதை ரத்து செய்வதற்கானது. ஜூலையில் சட்டமன்றம் ரத்து செய்தது. 20 ஆண்டு விதியில் விடுவிக்கப்பட்ட நிலங்களில் முறைகேடு நடந்ததாகச் சொல்லி, அவற்றின் பதிவுகளும் நிறுத்திவைக்கப்பட்டன.

இதற்கு நடுவே 2024 ஜூலை 21 இரவு, பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் சப்-கலெக்டர் அலுவலகம் தீப்பிடித்தது. நிலக் கோப்புகள் எரிந்தன. 22ஏ நிலங்கள் தொடர்பானவையும் அவற்றில் உண்டு. மறுநாளே மாநிலக் காவல்துறைத் தலைவர் நேரில் வந்து, இது விபத்து மாதிரித் தெரியவில்லை என்றார். விசாரணை சி.ஐ.டி.க்குப் போனது.

இது அரசியல் செய்தி, நமக்கென்ன என்று தோன்றலாம். 2023 கடைசியில் '20 வருஷம் ஆயிடுச்சு, இப்போ விக்கலாம்' என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவர் சட்டப்படிதான் நடந்தார். பதிவுக்குப் போகும்போது கதவு சாத்தியிருந்தது.

இன்னொரு நடைமுறைக் குழப்பம்: 2020 டிசம்பரில் தொடங்கிய மறு அளவையில் முடிந்த கிராமங்களில் பழைய சர்வே எண்ணுக்குப் பதில் 'எல்.பி.எம்.' எனப்படும் புதிய எண் வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களே 13-லிருந்து 26 ஆயின. ஒரே நிலத்தின் பழைய பத்திரத்தில் சித்தூர் மாவட்டம் என்றும் புதியதில் திருப்பதி மாவட்டம் என்றும் இருக்கும். சத்தியவேடு பக்கம் இன்னும் பின்னால் போனால் செங்கல்பட்டு மாவட்டம் வரலாம். இதெல்லாம் மோசடி ஆகாது. ஆனால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்று யாராவது காகிதத்தில் காட்ட வேண்டும். இரண்டு எண்ணையும் போட்டு 22ஏ பட்டியலில் தேடுங்கள்.

'ரிஜிஸ்டர் ஆயிடுச்சே, அப்புறம் என்ன?'

இந்தியாவில் பத்திரப் பதிவு என்பது ஒரு கைமாற்றம் நடந்தது என்பதற்கான பதிவு மட்டுமே. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் தராது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இதை மறுபடியும் சொன்னது. விற்பவர் மூலப் பத்திரம் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டு விதி செல்லாது, உரிமையைச் சோதிப்பது பதிவாளர் வேலையில்லை என்றது. அப்போ அந்த வேலை யாருடையது? வாங்குபவருடையது.

ஆந்திரப் பதிவுத்துறைத் தளத்தில் 1983-லிருந்து வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் கையால் தேட வேண்டும். புரோக்கர் தரும் பி.டி.எஃப்.பை வாங்கி வைக்காமல் நீங்களே எடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் மட்டும் வைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள். அதனால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

லேஅவுட் மனை என்றால் இன்னும் சில கேள்விகள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் திட்டம் எதுவும் ஆந்திர ரெராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. பதிவு எண் கேட்டு, அதன் தளத்தில் சரிபாருங்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவது ரெரா சட்டப்படி தவறு. 'முன்னோட்ட விலை, இன்னைக்கே கட்டினா சதுர கஜத்துக்கு ஆயிரம் கம்மி' என்பது பெரும்பாலும் இந்த விதியைத் தாண்டும் ஏற்பாடுதான்.

திருப்பதியைச் சுற்றி அனுமதி தருவது துடா எனப்படும் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம். அனுமதி இரண்டு கட்டம்: முதலில் தற்காலிகம், சாலை, வடிகால், மின்கம்பம் எல்லாம் போட்ட பிறகு இறுதி. பிரசுரத்தில் இருக்கும் 'எல்.பி. எண்' பல நேரம் முதல் கட்டத்தைச் சேர்ந்தது. இன்னொன்று: வேலையை முடிப்பதற்கு உத்தரவாதமாக லேஅவுட் போடுபவர் சில மனைகளை ஆணையத்திடம் அடமானம் வைக்க வேண்டும். நீங்கள் பார்க்கிற மூலை மனை அதில் ஒன்றா? வரைபடத்தில் குறித்திருக்கும். கேட்டால் முகம் மாறும், கேளுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். நாம் கிரவுண்டு, சென்ட் என்று பேசுகிறோம். அங்கே சதுர கஜம், அங்கணம். ஒரு கஜம் 9 சதுர அடி, அதில் குழப்பமில்லை. அங்கணம் ஊருக்கு ஊர் மாறும். திருப்பதி வட்டாரத்தில் 36 சதுர அடி என்பார்கள், நெல்லூர் பக்கம் 72. இன்றைய திருப்பதி மாவட்டத்தில் பழைய நெல்லூர் மாவட்டத்தின் சூளூர்பேட்டைப் பகுதியும் சேர்ந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 'அங்கணம் இவ்வளவு' என்று ஒருவர் விலை சொன்னால் 'எத்தனை சதுர அடி அங்கணம்?' என்று கேட்டு, பத்திரத்தில் சதுர கஜத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2021 நவம்பர் மழையில் திருப்பதி நகரச் சாலைகளில் வெள்ளம் ஓடியது, ஸ்வர்ணமுகி பெருகியது, ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று சுற்றியிருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். பதிவேட்டில் 'செருவு', 'குண்ட', 'வாகு' என்று எழுதியிருந்தால் அவை முறையே ஏரி, குட்டை, ஓடை. தெலுங்கில் இந்த மூன்று சொல்லாவது தெரிந்திருக்கட்டும்.

சரி, எல்லாம் சுத்தம். பணம் பெருகுமா?

காலி மனைக்கு வாடகை வராது. ஒரு கணக்கு போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மனை 20 லட்சம். பதிவுச் செலவு 7.5 சதவீதம், 1.5 லட்சம். கமிஷன் 2 சதவீதம், 40 ஆயிரம். மொத்தம் 21.9 லட்சம் போடுகிறீர்கள். அதே பணம் 7 சதவீத வைப்பு நிதியில் ஐந்து வருடம் இருந்தால் சுமார் 30.7 லட்சம் ஆகும். விற்கும்போதும் 2 சதவீதம் கமிஷன் போகும் என்றால், மனை 31.3 லட்சத்துக்குப் போனால்தான் வரிக்கு முன் வைப்பு நிதிக்குச் சமம். அதாவது விலை ஐந்து வருடமும் ஆண்டுக்கு 9.4 சதவீதம் ஏற வேண்டும். அதுவும் லாபத்துக்கு இல்லை, தோற்காமல் இருப்பதற்கு.

ஏறவே ஏறாதா? ஏறலாம். ஆனால் எதை நம்பி ஏறுகிறது என்று பாருங்கள். அமராவதி நல்ல பாடம். தலைநகர் அறிவிப்பில் 2014-க்குப் பிறகு விலை பறந்தது. 2019 டிசம்பரில் 'மூன்று தலைநகர்' என்றதும் விழுந்தது. 2024-ல் ஆட்சி மாறியதும் மறுபடி எழுந்தது. நடுவில் அவசரத்துக்கு விற்க வேண்டியிருந்தவர்கள்தான் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அறிவிப்பை நம்பி வாங்கும் மனைக்கு, அறிவித்தவர் பதவியில் இல்லாத ஐந்து வருடத்தையும் தாங்கும் பொறுமை வேண்டும். அந்தப் பணம் உங்களுக்கு வேறு எதற்கும் தேவைப்படாததாகவும் இருக்க வேண்டும்.

"அப்போ ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடறேன், வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் தெரியுமா! அதையும் பார்ப்போம். ஃபிளாட் 50 லட்சம், பதிவு 3.75 லட்சம். 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகை 12 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஒரு மாதம் காலி, சொத்து வரி, பராமரிப்புக்கு 18 ஆயிரம் போனால் கையில் நிற்பது 1.14 லட்சம், மாதம் 9,500. ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்து 25 ஆயிரம் போகும். போட்ட 53.75 லட்சத்துக்கு வாடகை வருமானம் 2.1 சதவீதம். வாடகை 18 ஆயிரம் என்று மாற்றிப் போட்டாலும் தவணையில் பாதிதான் தேறும்.

வாடகை எவ்வளவு என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். அதே கட்டடத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். 'கடைசியா எத்தனை மாசம் காலியா இருந்துச்சு?' என்பது அதைவிட நல்ல கேள்வி.

வாடகைக்கு விடுவதென்றால்

திருப்பதியில் குடியிருப்போர் பலவகை. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழக மாணவர்கள், ஸ்விம்ஸ் மருத்துவமனை ஊழியர்கள், தேவஸ்தான ஊழியர்கள், ரேணிகுண்டா தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். இவர்களில் யாருக்கு விடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு இடம் தேடுவது நல்லது. மலையடிவாரத்து ஃபிளாட்டும் ரேணிகுண்டா ஃபிளாட்டும் வேறு வேறு தொழில்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அங்கே வீடு விடுபவருக்கு வரும் பெரிய தொல்லை உள்வாடகை. குடும்பத்துக்கு என்று எடுத்த வீடு ஆறு மாதத்தில் ஹாஸ்டலாகவோ பக்தர்கள் தங்கும் விடுதியாகவோ மாறியிருக்கும். மின் கட்டணம் வீட்டு வகையிலிருந்து வணிக வகைக்குப் போகும், அபார்ட்மெண்ட் சங்கம் உங்களுக்குத்தான் போன் போடும். ஒப்பந்தத்தில் எத்தனை பேர், என்ன உறவு, உள்வாடகை கூடாது என்று எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் போடுகிறார்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்ட விதிகள் அங்கே பொருந்தாது, உள்ளூர் வக்கீலிடம் ஆந்திரச் சட்டப்படி எழுதி வாங்குங்கள். வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. ஆனால் புதிய வருமான வரி முறையில் இருப்பவர்கள், கடன் வட்டியால் வரும் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. மேலே போட்ட கணக்கை இது இன்னும் கொஞ்சம் மோசமாக்கும்.

வக்கீல் செலவு வீணா?

சர்வே எண் கிடைத்ததும் 22ஏ பட்டியல், வில்லங்கம், ரெரா மூன்றையும் வீட்டிலிருந்தே, காசில்லாமல் அல்லது மிகக் குறைந்த செலவில் பார்த்துவிடலாம். மூன்றிலும் தேறினால்தான் வக்கீல். அவர் திருப்பதி அல்லது சித்தூரில் தொழில் செய்பவராக, தெலுங்குப் பதிவேடு படிப்பவராக, முக்கியமாக விற்பவர் அறிமுகம் செய்யாதவராக இருக்கட்டும். 20 லட்ச ரூபாய் மனைக்கு வக்கீல் கட்டணம் தர யோசிப்பவர்கள், அதே மனைக்கு 40 ஆயிரம் கமிஷன் தர யோசிப்பதில்லை. கடனே வேண்டாம் என்றாலும் ஒரு அரசு வங்கியில் அந்த மனைக்குக் கடன் விண்ணப்பித்துப் பாருங்கள். வங்கி சம்மதிப்பதால் உரிமை உறுதியாகிவிடாது, அவர்கள் பார்ப்பது அவர்கள் பணத்துக்காக. ஆனால் வங்கி மறுத்தால் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

நண்பர் 10 ஆயிரம் ரூபாய் டோக்கன் கட்டியிருந்தார். 22ஏ பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை ஏஜென்டுக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "அந்த ஃபேஸ் விடுங்க சார், பக்கத்துலயே வேற ஒண்ணு ஓப்பன் பண்றோம், டோக்கனை அதுக்கு மாத்திக்கலாம்." கூடவே இன்னொரு பச்சைப் பிரசுரம். நண்பர் அதை எனக்கு அனுப்பவில்லை, சர்வே நம்பரை மட்டும் அனுப்பினார்.